பசிக்கு நம்பர் இல்லை

காலை ஏழு மணிக்கு அம்பத்தூர் எஸ்டேட் பஸ் ஸ்டாண்டில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். 1964-ல் இந்தத் தொழிற்பேட்டை ஆரம்பித்த காலத்திலிருந்து பல வருடங்களுக்கு அங்கே இறங்கிய கூட்டம் வேறு. கையில் டிபன் கேரியர், சட்டையில் கிரீஸ் கறை, லேத் பட்டறைக்கும் பிரஸ் ஷாப்புக்கும் ஓட்டமும் நடையுமாகப் போகிறவர்கள். அவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் கூடவே இன்னொரு கூட்டமும் இறங்குகிறது. கழுத்தில் ஐ.டி. கார்டு, முதுகில் பை, காதில் இயர்போன். ஆவடி, திருநின்றவூர், பூந்தமல்லி என்று நாலா பக்கமிருந்தும் வருகிற பிள்ளைகள். பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி, பி.ஃபார்ம்., நர்சிங், பிசியோதெரபி என்று ஏதாவது ஒன்று படித்திருப்பார்கள்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தி. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். சும்மா இருக்காமல் கேட்டேன்.

“என்னம்மா வேலை?”

“கோடிங், அங்கிள்.”

“கம்ப்யூட்டர் புரோகிராமா?”

“ஐயோ, இல்ல அங்கிள். மெடிக்கல் கோடிங். அமெரிக்காவுல ஒரு பேஷன்ட் டாக்டர்கிட்ட போயிட்டு வந்தா, டாக்டர் எழுதி வெச்சதை நாங்க படிச்சு, அந்த வியாதிக்கு உரிய நம்பரைப் போடணும். அதை வெச்சுத்தான் இன்ஷூரன்ஸ் பணம் வரும்.”

வியாதிக்கு நம்பரா என்று நான் சிரிக்க, அவள் விடவில்லை. “எல்லாத்துக்கும் இருக்கு அங்கிள். மாடு முட்டினாக்கூட இருக்கு!”

வீட்டுக்கு வந்து தேடினேன். நிஜம்தான் சார். டபிள்யூ 55.22 என்றால் மாடு முட்டியது. டபிள்யூ 55.21 என்றால் மாடு கடித்தது. நம் ஆவடி சாலையின் நடுவே படுத்திருக்கும் மாடுகளை அமெரிக்காவில் யாரோ மனதில் வைத்து எழுதியதுபோல இருக்கிறது. வாத்து மோதியதற்கும் தனி எண் உண்டு. 2015 அக்டோபர் 1 வரை அமெரிக்கர்கள் சுமார் 14 ஆயிரம் நோய் எண்களை வைத்துச் சமாளித்தார்கள். அன்றைக்குப் புதிய பட்டியலுக்கு மாறியதும் அது சுமார் 69 ஆயிரம் ஆனது. அத்தனையையும் தேடி எடுத்துப் போட ஆள் வேண்டுமே? சென்னையிலும் கோடிங் கம்பெனிகள் பெருகின. கோடிங் கற்றுக்கொடுக்கும் வகுப்புகளும் கூடவே பெருகின.

அந்த வகுப்பில் என்னதான் சொல்லிக்கொடுக்கிறார்கள்? நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிந்த பாஷையில் சொல்கிறேன். கணக்குப் பாடத்தின் முதல் விதி என்ன? வவுச்சர் இல்லாமல் என்ட்ரி போடாதே. மெடிக்கல் கோடிங்கின் முதல் விதியும் அதுதான். டாக்டர் எழுதாததைப் போடாதே.

கேட்கச் சுலபம். செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு நோயாளியின் ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 7 என்று இருக்கிறது. ரத்தசோகை என்று நமக்கே தெரிகிறது. ஆனால் டாக்டர் அந்த வார்த்தையை எங்கும் எழுதவில்லை. கோடர் என்ன செய்ய வேண்டும்? எண் போடக்கூடாது. டாக்டரிடம் கேட்க வேண்டும். கேட்பதிலும் ஒரு நியதி உண்டு. “ரத்தசோகைதானே டாக்டர்?” என்று வாயில் வார்த்தையைத் திணிக்கக்கூடாது. “அப்படி எழுதினால் இவ்வளவு டாலர் கூட வரும்” என்று கோடி காட்டவே கூடாது.

இன்னொன்று. நெஞ்சு வலி என்று ஒருவர் கிளினிக்குக்கு வருகிறார். டாக்டர் “மாரடைப்பாக இருக்கலாம்” என்று எழுதுகிறார். மாரடைப்பு எண்ணைப் போடலாமா? ம்ஹூம். வெளிநோயாளி என்றால் சந்தேகத்துக்கு எண் கிடையாது. நெஞ்சு வலி என்றுதான் போட வேண்டும். அதே ஆள் ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகப் படுத்து, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் டாக்டர் “இருக்கலாம்” என்றே எழுதியிருந்தால், இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம். ஒரே சொல், இரண்டு விதி! சாதாரண சர்க்கரை நோய்க்கு ஈ 11.9. அதனால் கிட்னி கெட்டிருந்தால் ஈ 11.22. டாக்டர் சர்க்கரை என்றும் எழுதி, கிட்னி பாதிப்பு என்றும் எழுதி, இரண்டையும் முடிச்சுப் போடாமல் விட்டிருந்தால்? இந்த இடத்தில் முடிச்சு இருப்பதாகவே எடுத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. சம்பந்தமில்லை என்று டாக்டர் தெளிவாக எழுதியிருந்தால் ஒழிய.

இதற்கான அமெரிக்கச் சான்றிதழ்த் தேர்வு ஒன்றில் நான்கு மணி நேரத்தில் 100 கேள்விகள். புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். அதனால் ஊதித் தள்ளிவிடலாம் என்று நினைத்துவிடாதீர்கள். எழுதியவர்களைக் கேளுங்கள், பக்கம் பக்கமாகக் கதை சொல்வார்கள்.

அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு ஆட்டோ கிளம்பியபோது எனக்கு ஒரு கேள்வி. வியாதிக்கு எண் கொடுக்கும் இந்த யோசனை யாருக்கு முதலில் வந்தது? நம் ஊருக்கும் இதற்கும் எப்போது சம்பந்தம் வந்தது? தேடப்போனால் கதை லண்டனில் ஆரம்பித்து, சுற்றிச் சுற்றி நம் தாது வருடப் பஞ்சத்தில் வந்து நிற்கிறது.

முதலில் லண்டன். பதினேழாம் நூற்றாண்டு. பிளேக் வந்து கொத்துக் கொத்தாக ஜனங்கள் சாகிற காலம். யார் எதனால் செத்தார் என்று வாராவாரம் பட்டியல் அச்சடித்து விற்பார்கள். அதில் இருந்த காரணங்களைப் படித்தால் தலை சுற்றும். ‘பல்’ என்று ஒரு காரணம். ‘திடீரென்று’ என்று ஒரு காரணம். ‘கிரகம் அடித்தது’ என்றுகூட ஒன்று உண்டு.

இந்தத் தகவலைச் சேகரித்தவர்கள் டாக்டர்கள் இல்லை. சாவு வீட்டுக்குப் போய் உடலைப் பார்த்துச் சொல்வதற்கென்றே நியமிக்கப்பட்ட ஏழைக் கிழவிகள். ஜான் கிராண்ட் என்று ஒரு துணி வியாபாரி. அவருக்கு இந்தப் பட்டியல்கள் மீது ஆசை. பல வருடத்துப் பட்டியல்களைச் சேர்த்து வைத்து, கூட்டிக் கழித்துப் பார்த்து, 1662-ல் புத்தகமாகவே போட்டுவிட்டார். அதில் அவர் கண்டுபிடித்த ஒரு விஷயம் சுவாரஸ்யமானது. லண்டனில் மேக நோயால் இறந்தவர்கள் மிகக் குறைவு என்கிறது பட்டியல். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. ஏனென்றால் வீட்டுக்காரர்கள் கிழவிக்கு ஒரு கோப்பை மதுவும், வழக்கமான கூலியைப்போல இரண்டு மடங்கும் கொடுத்துவிடுவார்கள். மேக நோய் ‘க்ஷய ரோகம்’ ஆகிவிடும். குடும்ப மானம் தப்பிவிடும்.

பார்த்தீர்களா? நோய்க்கு எண் பிறப்பதற்கு முன்பே, காசு வாங்கிக்கொண்டு நோயை மாற்றி எழுதுவது பிறந்துவிட்டது.

அடுத்து வில்லியம் ஃபார். இங்கிலாந்தில் 1837-ல் பிறப்பு இறப்புப் பதிவு சட்டப்படி ஆரம்பித்தபோது, சாவுக் காரணங்களை வகை பிரிக்கும் வேலை இவரிடம் வந்தது. பதிவு தொடங்கிய முதல் ஆறு மாதத்தில் சுமார் ஒரு லட்சத்து 48 ஆயிரம் சாவுகள். அதில் 63 பேருக்கு ‘பட்டினி’ என்று காரணம் காட்டினார் ஃபார்.

வெறும் 63. ஆனால் லண்டனில் பூகம்பம் வெடித்தது. ஏழைகளுக்கான நிவாரணத்தை நிர்வகித்த கமிஷனின் செயலாளர் எட்வின் சாட்விக் கொதித்துப்போனார். நாங்கள் நிவாரணம் கொடுக்கும் நாட்டில் பட்டினிச் சாவா? இது பட்டினி இல்லை, அது நோய், இது தாய்ப்பால் கிடைக்காத குழந்தை என்று ஒவ்வொன்றாகக் கழிக்கப் பார்த்தார். ஃபார் மசியவில்லை. உண்மையில் 63 என்பது மிகக் குறைவு என்றார். பசி நேரடியாகக் கொல்வது அபூர்வம், அது நோயைக் கூட்டிவந்து கொல்லும், அந்தச் சாவுகளெல்லாம் நோயின் கணக்கில் எழுதப்பட்டுவிடுகின்றன என்பது அவர் வாதம்.

இந்த வாதத்தை அப்படியே மடித்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சுமார் நாற்பது வருடம் தாண்டி, நாம் சென்னைக்கு வருகிறோம்.

தாது வருடப் பஞ்சம். 1876-ல் மழை பொய்த்தது. 1878 வரை சென்னை மாகாணமே சுடுகாடானது. லட்சக்கணக்கில் செத்தார்கள். இன்று நாம் மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டிப் போகிறோமே பக்கிங்ஹாம் கால்வாய், அதில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்தில் நிவாரண வேலையாக வெட்டப்பட்டதுதான். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிவைத்த ரிச்சர்ட் டெம்பிள் 1877 ஜனவரியில் வந்து, நிவாரண வேலை செய்பவர்களுக்கு நாளைக்கு ஒரு பவுண்டு தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று கூலியைக் குறைத்தார். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டுகிறவனுக்கு!

அப்போது சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையர் வில்லியம் ராபர்ட் கார்னிஷ் என்ற டாக்டர். 1871 சென்னை மாகாண மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் அறிக்கையை எழுதியவரும் அவர்தான். எண்களோடு பழகிய மனிதர். ஒரு பவுண்டில் உடல் உழைக்க முடியாது, இது மெதுவாகக் கொல்லும் என்று டெம்பிளோடு மல்லுக்கு நின்றார். சில மாதங்களில் சென்னை அரசு கூலியை உயர்த்தியது.

சரி, செத்தவர்களை எப்படி எழுதினார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. கிராமத்துச் சாவுக் கணக்கை எழுதியவர்கள் கிராம அதிகாரிகள். மருத்துவம் தெரியாது. இந்தியா முழுக்கச் சாவுக் கணக்கில் விரல்விட்டு எண்ணக்கூடிய சில கட்டங்கள்தான். காலரா. அம்மை. ஜுரம். வயிற்றுப்போக்கு. காயம். இதர காரணங்கள். அவ்வளவுதான்.

பட்டினி? அதற்குக் கட்டமே கிடையாது.

பசியால் தோலும் எலும்புமாகிப் போனவனுக்குக் கடைசி நாட்களில் வயிறு போகும். அல்லது ஜுரம் அடிக்கும். அந்தக் கட்டத்தில் ஒரு கோடு விழும். யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் காசு வாங்கவில்லை. ஆனால் லட்சக்கணக்கான பட்டினிச் சாவுகள் காகிதத்தில் ஜுரமாகவும் பேதியாகவும் மாறிவிட்டன. லண்டனில் 63 சாவுகளுக்காகச் சண்டை போட முடிந்தது, அங்கே ‘பட்டினி’ என்று எழுத இடம் இருந்ததால். நம் ஊரில் எழுதவே இடமில்லை.

அலெக்சாண்டர் போர்ட்டர் என்று இன்னொரு ராணுவ டாக்டர். சென்னையில் பஞ்சத்தில் இறந்தவர்களின் உடல்களை அறுத்துப் பார்த்து, உறுப்புகளை எடைபோட்டுக் குறித்துவைத்தார். குடலின் சுவரே தேய்ந்து மெலிந்து கிடந்ததைக் கண்டார். உணவு கொடுத்தாலும் அந்தக் குடல் ஏற்காது. பதிவேட்டில் ‘வயிற்றுப்போக்கு’. உள்ளே பார்த்தால் பட்டினி. 1889-ல் சென்னையிலேயே அவரது புத்தகம் வெளியானது. செத்தவர்களுக்கு அதற்குள் பதினொரு வருடத் திவசம் முடிந்திருந்தது.

நோய்க்கு உரிய கட்டம் எவ்வளவு முக்கியம் என்பதை இதைவிட யார் சொல்லிவிட முடியும்? கட்டம் இல்லையென்றால் கணக்கு இல்லை. கணக்கு இல்லையென்றால் குற்றவாளியும் இல்லை.

உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒரு பட்டியல் வேண்டும் என்ற யோசனைக்கு உருவம் கொடுத்தவர் பாரிஸ்காரர் ழாக் பெர்த்தியோன். குற்றவாளிகளை அங்க அளவு எடுத்து அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்த போலீஸ்காரர் அல்போன்ஸ் பெர்த்தியோனின் அண்ணன் இவர். தம்பி திருடர்களை வகை பிரித்தார், அண்ணன் சாவுகளை வகை பிரித்தார்! 1893-ல் சிகாகோ மாநாட்டில் இவரது பட்டியல் ஏற்கப்பட்டது. சுவாமி விவேகானந்தர் பேசிய அதே வருடம், அதே ஊர். மாநாடுதான் வேறு. 1948-ல் ஆறாவது திருத்தத்தின்போது பட்டியல் உலக சுகாதார நிறுவனத்தின் கைக்கு வந்தது. சாவுக் காரணங்களோடு, உயிரோடு இருப்பவர்களின் நோய்களும் சேர்ந்தன. இதுதான் இன்றைய ஐசிடி.

அதுவரை எண்ணில் காசு ஒட்டவில்லை. 1983-ல் அமெரிக்க அரசு, முதியோருக்கான மெடிகேர் திட்டத்தில் ஒரு மாற்றம் செய்தது. ஆஸ்பத்திரி செலவழித்ததற்கு பில் கொடு என்று கேட்காமல், நோயாளியின் நோய் எந்த வகையோ அதற்கு இவ்வளவு என்று ரேட் பேசிவிட்டது. யோசித்துப் பாருங்கள். நோயின் பெயரை ஒரு படி ஏற்றி எழுதினால் பணம் ஏறும். லண்டன் கிழவியின் இரண்டு மடங்குக் கூலி திரும்பி வந்துவிட்டது!

எச்சிஏ என்ற மாபெரும் ஆஸ்பத்திரி நிறுவனம் 2000-ம் ஆண்டு 84 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, பணம் கூட வரும் நோய் எண்ணைப் போட்டது. 2018-ல் டாவிட்டா மெடிக்கல் ஹோல்டிங்ஸ் 27 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது. அந்த விவகாரத்தில் ஒரு சமாசாரம் என்னை யோசிக்கவைத்தது. பழைய மருத்துவக் குறிப்புகளைத் திரும்பப் படித்து, விட்டுப்போன நோய்களுக்கு எண் சேர்ப்பது. நல்ல காரியம்தானே? ஆனால் அதே குறிப்பில் ஆதாரமில்லாமல் ஏற்கெனவே போட்ட எண் கண்ணில் பட்டால், அதை நீக்காமல் விட்டுவிடுவது. ஒவ்வொரு என்ட்ரியும் தனியாகப் பார்த்தால் சரி. மொத்தமாகப் பார்த்தால் மோசடி. வரவேண்டிய பாக்கியை மட்டும் தேடித் தேடி எழுதிவிட்டு, கொடுக்கவேண்டியதை எழுத மறக்கிற கணக்குப்பிள்ளையை நாம் என்ன பெயரில் அழைப்போம்?

‘அமெரிக்காக்காரன் புத்தி’ என்று சிரிக்காதீர்கள். என் கதையைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் அம்மாவுக்குக் காய்ச்சல். ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தோம். சாதாரண வைரல். கிளம்பும் நாளில் பில் போடுகிறவர் என்னைத் தனியே கூப்பிட்டார். “வெறும் காய்ச்சல்னு போட்டா இன்ஷூரன்ஸ்ல இழுத்தடிப்பாங்க சார். டெங்குன்னு போட்டுரலாமா?” நான் வாயைத் திறக்கவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். பணம் வந்தது.

மூன்று வருடம் கழித்து அம்மாவுக்கு மறுபடி காய்ச்சல். வேறு டாக்டர். ஃபைலைப் புரட்டியவரின் முகம் மாறியது. “அம்மாவுக்கு முன்னாடியே டெங்கு வந்திருக்கா? ரெண்டாவது தடவைன்னா ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்.” அம்மா என்னைப் பார்த்தார். “எனக்கு எப்போடா டெங்கு வந்தது?” நான் டாக்டரிடம் உண்மையைச் சொல்வதற்குள் நாக்கு வறண்டுவிட்டது. பி.காம். படித்தவன். வவுச்சர் இல்லாமல் போட்ட என்ட்ரி, பெற்றவள் பெயரிலேயே இருந்தது.

பணத்துக்காக ஏற்றி எழுதுவது ஒரு பக்கம் என்றால், விட்டுப்போவது இன்னொரு பக்கம். 2020 கொரோனா நினைவிருக்கிறதா? அந்த ஜூன் மாதம் சென்னை மாநகராட்சியின் இறப்புப் பதிவேட்டுக்கும், மாநிலத்தின் கொரோனாப் பட்டியலுக்கும் ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. கணக்குப் பாஷையில் சொன்னால் பாஸ் புக்கும் கேஷ் புக்கும் டேலி ஆகவில்லை. டாக்டர் வடிவேலன் தலைமையில் குழு போட்டார்கள். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டார்கள். ஜூலை 22-ம் தேதி அரசே அறிவித்தது: விடுபட்டிருந்த 444 சாவுகள் கணக்கில் சேர்க்கப்படுகின்றன. அரசை எவ்வளவோ திட்டலாம். ஆனால் விட்டதைத் தேடிப்பிடித்து, வெளியே சொல்லி, சேர்த்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும். 1877-ல் இது நடக்கவில்லை.

பிரச்னை தீர்ந்துவிட்டதா? இல்லை. நம் நாட்டில் 2020-ல் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதிச் சான்று கொடுத்தது 22.5 சதவிகிதம்தான். அப்படி எழுதுவதிலும் ‘இதயம் நின்றுவிட்டது’ என்று எழுதிக்கொடுக்கும் வழக்கம் போகவில்லை. சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தானே செய்யும்? ஏன் நின்றது என்பதல்லவா கேள்வி! ‘திடீரென்று’ என்று எழுதிய லண்டன் கிழவிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பட்டியலைப் பொறுத்தவரை குறையில்லை. 2024 ஜனவரியில் நம் சித்த மருத்துவ நோய்ப் பெயர்களுக்குக்கூட உலகப் பட்டியலில் எண் கிடைத்துவிட்டது. பட்டினிக்கும் இப்போது எண் உண்டு. டி 73.0. தாது வருடத்தில் இல்லாத கட்டம். இருக்கிற கட்டத்தில் உண்மையை எழுதுவது மட்டும்தான் பாக்கி.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண்ணை மறுபடி ஷேர் ஆட்டோவில் பார்த்தேன். நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவந்திருந்தது. இந்தக் கதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள், பஞ்சக் கதை வந்ததும் பேசாமல் ஆகிவிட்டாள். பிறகு சொன்னாள்:

“நேத்து ஒரு சார்ட் அங்கிள். எண்பது வயசுப் பாட்டி. ரிப்போர்ட்டைப் பார்த்தா சாப்பாடே இல்லாத மாதிரி இருக்கு. எடை அவ்வளவு கம்மி. டாக்டர் எதுவுமே எழுதலை. டார்கெட் முடிக்கணும், அடுத்ததுக்குப் போயிரலாம்னு தோணுச்சு.”

“அப்புறம்?”

“டாக்டருக்குக் கேள்வி அனுப்பிட்டுத்தான் வந்தேன்.”

அமெரிக்காவில் எங்கோ ஒரு பாட்டி. அவளுக்கு என்ன என்று தெரிந்துகொள்ள அம்பத்தூரிலிருந்து ஒரு கேள்வி போயிருக்கிறது. பதில் வந்ததா என்று நாளைக்குக் கேட்க வேண்டும்.